பதிவில் ஏறாத கொலம்

அவருடைய வாயிலிருந்து 'ஓம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரு பதிலை வாங்கியவர் எவரையும் நான் கண்டதில்லை. மழை பெய்கிறதா என்று கேட்டால் யன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்ப்பார். நேற்றையோடு பார்க்கும்போது இதை மழை என்று சொல்வதா என்று யோசிக்கவேண்டும் என்பார். ஆய்வுகூடத்தில் நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'பார்ப்பம்'. அது அவர் ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது சொல்லும் சொல். அவர் பிரதம இரசாயனவியலாளர், நான் அவருக்குக் கீழே ஏழு வருடம் வேலை செய்தேன். அதில் முதல் ஐந்து வருடமும் அந்த மனிதரை ஒரு மேதை என்று நம்பியிருந்தேன் என்பதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி, யுத்த காலம் அது. கொழும்பில், ஒருகொடவத்தையில், கொள்கலன்களை அடுக்கி வைக்கும் முற்றங்களுக்கு நடுவில், மருந்து இறக்குமதி செய்யும் கம்பனி ஒன்றின் களஞ்சியம் இருந்தது. அதன் மேல்மாடியில் எங்கள் ஆய்வுகூடம். கீழே மருந்துப் பெட்டிகள், மேலே நாங்கள் ஐந்து பேரும் ஒரேயொரு இயந்திரமும். வந்து இறங்கும் மருந்தில், லேபிளில் எழுதியிருக்கும் சரக்கு எழுதியிருக்கும் அளவில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. நாங்கள் சொல்லும்வரை ஒரு பெட்டியும் லொறியில் ஏறாது.

அந்த இயந்திரத்தில் முக்கியமான பாகம் கொலம் என்று நாங்கள் சொல்லும் ஓர் உருக்குக் குழாய். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடிய நீளம், சுண்டுவிரல் பருமன், இரண்டு முனையிலும் மரை போட்ட மூடி. உள்ளே கோதுமை மாவைவிட நுண்ணிய வெள்ளைத் தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். மருந்தைக் கரைத்து ஒரு முனையால் அழுத்தித் தள்ளினால், அதிலுள்ள பொருள்கள் அந்தத் தூளில் கூடவோ குறையவோ ஒட்டி நின்று, மறுமுனையால் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். ஒவ்வொன்று வரும்போதும் பேனை தாளில் ஒரு மலையைக் கீறும். அதை நாங்கள் பீக் என்போம். மலை கூராக நின்றால் நல்லது. ஒரு பக்கம் வழிந்து வால் இழுத்தால், கொலம் பழுது அல்லது அந்த மருந்துக்கு அந்தக் கொலம் தோதில்லை.

மருந்து நூல்களில் 'சி-பதினெட்டு கொலம் பாவிக்கவும்' என்று ஒரு வரியில் எழுதியிருக்கும். கடையில் போய் ஒரு கிலோ சீனி வாங்கு என்பதுபோலத்தான் அது இருக்கும். ஆனால் சி-பதினெட்டு என்று பெயர் போட்டு இருபது கம்பனிகள் கொலம் செய்கின்றன, ஒன்று செய்வதை மற்றது செய்யாது. ஒன்றில் தனித்தனியாக நிற்கும் இரண்டு பீக்குகள் இன்னொன்றில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். "எல்லா சி-பதினெட்டும் ஒண்டில்லை, தம்பி," என்று அவர் அடிக்கடி சொல்வார். அது உண்மை. அவருடைய திறமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தாளில் இருக்கும் பீக்கை மட்டும் காட்டினால் போதும், எந்தக் கம்பனிக் கொலம், எவ்வளவு காலம் பாவித்தது என்று சொல்லிவிடுவார். அந்தக் கண் இருந்தும் அந்த மனிதர் எதற்கு உதவினார் என்பதுதான் என் கேள்வி.

எதை ஒப்பிடுவதானாலும் அவருக்குக் கட்டம் போட்ட தாள் வேண்டும். நீலப் பேனையால் கோடு, சிவப்புப் பேனையால் தலைப்பு. கொலம் என்றால் நீளம், உள்விட்டம், தூளின் பருமன், தூளிலுள்ள துளையின் அளவு, காபன் எத்தனை வீதம், அழுத்தம், வால், விலை என்று பத்துப் பன்னிரண்டு நிரல்கள் ஓடும். ஒவ்வொரு பெட்டியிலும் பொடி எழுத்தில் இலக்கங்கள். எல்லாப் பெட்டியும் நிரம்பிய பிறகு கடைசியாக ஒரு நிரல் இருக்கும். அதன் தலைப்பு 'முடிவு'. ஏழு வருடத்தில் அந்த நிரலில் அவர் எதையும் எழுதி நான் பார்க்கவில்லை.

வீட்டிலும் அப்படித்தான். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி ஃபிளற்றில், அவரும் அவருடைய தமக்கையும் இருந்தார்கள். இருவரும் கலியாணம் கட்டவில்லை. ஒருமுறை மின்விசிறி வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு காலி வீதியில் கடை கடையாக ஏறினார். ஏழு கடை. ஒவ்வொரு கடையிலும் விசிறியைச் சுழலவிட்டு, கீழே நின்று, கைலேஞ்சியை நீட்டிப் பிடித்து அது எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தார். கடைசிக் கடைக்காரர் சிங்களத்தில், இந்த மஹத்தயா விசிறி வாங்க வந்தவரா, விசிறிக்குச் சோதனை வைக்க வந்தவரா என்று என்னிடமே கேட்டார். விசிறி வாங்கவில்லை, விலைப்பட்டியல்களை வாங்கிக்கொண்டு போனோம். அந்தச் சித்திரை முழுவதும் தமக்கையார் பழைய பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டு படுத்தார். அப்போது நான் இதைச் சிரிப்பாகத்தான் எல்லாருக்கும் சொன்னேன்.

கொலம் கதையில் அப்படிச் சிரிக்க முடியவில்லை. எங்களிடம் இருந்த ஒரே நல்ல கொலம் கிழண்டிப் போயிருந்தது. அழுத்தம் ஏறியது, பீக்குகள் எல்லாம் வால் இழுத்தன. புதிது ஒன்று வாங்க நிர்வாகம் சம்மதித்துவிட்டது. எந்தக் கம்பனியுடையது என்று அவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். அந்த ஒரு வரி எழுதப்படாமலே ஒன்றரை வருடம் போனது. இடையில் ஒருமுறை பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அன்ரிபயோரிக் மருந்து முந்நூறு பெட்டி கீழே வெக்கையில் கிடந்தது. களஞ்சியப் பொறுப்பாளர் சோமபால ஒவ்வொரு காலையும் படியேறி வந்து, மருந்து போகலாமா என்று கேட்பார். சோமபால கொலன்னாவைக்காரர், ஐம்பது வயதுச் சிங்களவர், அவர் என்னைத் தம்பி என்ற முறையில் மல்லி என்றும் நான் அவரை அண்ணன் என்ற முறையில் அய்யே என்றும் கூப்பிடுவோம். பழைய கொலத்தில் வந்த பீக்கை நம்பலாமா என்று பார்க்கவேண்டும் என்று இவர் தினமும் பதில் சொன்னார். ஏழாம் கிழமை அனுமதி கொடுத்தபோது, அவற்றில் பாதியின் காலாவதிக்கு இரண்டு மாதம்தான் மிச்சம்.

கடைசியில் கொள்ளுப்பிட்டியிலிருந்த முகவர் ஒருவர் ஒரு புதுக் கொலத்தை இரண்டு கிழமைக்கு இரவலாகத் தந்தார். பாவித்துப் பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் திருப்பித் தாருங்கள் என்று சொன்னார். நான் மூன்று நாளில் அதை ஓட்டிப் பார்த்தேன். பீக்குகள் ஊசியாக நின்றன. இதை எடுப்போம் சேர் என்றேன். அவர் பார்ப்பம் என்றார். இன்னொரு முகவரும் ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நியாயம் என்றார்.

இங்கே அவருடைய ஒரு சட்டத்தைச் சொல்லவேண்டும். ஆய்வுகூடத்துக்குள் வரும் எந்தப் பொருளையும், தான் ஒப்பிட்டு ஏற்றுக்கொள்ளும்வரை, பதிவுப் புத்தகத்தில் எழுதவிடமாட்டார். ஏற்றுக்கொள்ளாத பொருளை எங்களுடையது என்று எப்படி எழுதுவது என்பது அவருடைய வாதம். ஆகவே அந்தக் கொலம் எங்கள் மேசையில் கிடந்தது, எங்கள் இயந்திரத்தில் ஓடியது, ஆனால் எந்தக் கடதாசியிலும் இல்லை. கடதாசியில் இல்லாத பொருளுக்கு வெளியே கொண்டுபோகும் கடிதமும் இல்லை.

இரண்டு கிழமை முடிந்ததும் அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தது. யார் கொண்டுபோவது என்பதையும் அவர் ஒப்பிட்டுத்தான் முடிவு செய்தார் என்று நினைக்கிறேன். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"அன்ரன், நீர் கொண்டுபோய்க் குடும். உமக்குப் பிறப்பிடம் கொழும்பு எண்டு ஐடென்ரி காட்டில இருக்கு. கொட்டாஞ்சேனை ஆள், சிங்களம் வடிவாக் கதைப்பீர். எனக்கெண்டால் யாழ்ப்பாணம் எண்டு போட்டுக் கிடக்கு."

நான் ஒரு கடிதம் கேட்டேன். உருக்குக் குழாய், இரண்டு பக்கமும் பூட்டியது, உள்ளே தூள். வழியில் இரண்டு சோதனைச்சாவடி இருக்கிறது. ஒரு துண்டுக் கடதாசி இருந்தால் நல்லது என்றேன். முடிவெடுக்காத பொருளைப் பற்றி என்னவென்று கடிதம் எழுதுவது என்று கேட்டார். அது எனக்கும் அப்போது சரியாகத்தான் பட்டது. ஐந்து வருடம் அவரோடு இருந்தால் எவனுக்கும் அப்படித்தான் படும்.

இரண்டாவது சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். காலை பதினொரு மணியிருக்கும். என் பையைத் திறந்த சிப்பாய் கொலத்தை வெளியே எடுத்து உருட்டிப் பார்த்தான். பிறகு ஒரு முனையிலிருந்த மூடியைத் திருகத் தொடங்கினான். கொலத்தின் மூடியைக் கழற்றக் கூடாது, உள்ளே காய்ந்தால் தூள் வெடித்துக் கொலம் பழுதாகிவிடும் என்பது எங்கள் ஆய்வுகூடத்தில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம். அந்த நேரத்தில் எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "அரின்ன எப்பா," திறக்கவேண்டாம் என்று சிங்களத்தில் கத்திவிட்டேன். கத்தியது போதாதென்று, திறந்தால் உள்ளே வெடிக்கும் என்றும் சொன்னேன்.

அந்தச் சனத்துக்கு நடுவில், கையில் உருக்குக் குழாயோடு பிடிபட்ட ஒரு தமிழன் சொல்லக்கூடாத சொல் ஒன்று இருந்தால் அது அதுதான். சிப்பாய் குழாயை நிலத்தில் வைத்துவிட்டுப் பின்வாங்கினான். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் ஓடினார்கள். என்னைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் ஒருவன் சப்பாத்துக் காலை வைத்தான். என் கன்னத்துக்குப் பக்கத்தில் அந்தக் கொலம் கிடந்தது, அதில் பொறித்திருந்த எழுத்தை வாசித்துக்கொண்டு கிடந்தேன்.

குழாய் குண்டில்லை என்று பின்னேரமே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. என்றாலும் குண்டு செய்ய உதவும் சாமானில்லை என்று யார் சொல்வது. கம்பனிப் பெயரைச் சொன்னேன், அவருடைய பெயரைச் சொன்னேன். அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அவர் பொலிஸ் நிலையத்துக்கு வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் கையில் குடையுமாக அவரை வாசலில் கண்டபோது, எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எல்லாம் முடிந்தது, இனி வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன்.

பொறுப்பதிகாரி கெட்ட மனிதரில்லை. அவருக்குக் கதிரை கொடுத்தார். கொலத்தை மேசையில் வைத்து, இது உங்களுடையதா என்று சிங்களத்தில் கேட்டார். ஓம் என்ற ஒரு சொல், சிங்களத்தில் 'ஒவ்' என்ற ஒரு சொல் போதும். இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கொலத்தைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். இதுபோன்றவை எங்களிடம் இருக்கின்றன என்றார். ஆனால் இது எங்களுடைய பதிவில் உள்ளதா என்பதைத் தொடர் இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்றார். அதிகாரி கொலத்தை வாங்கித் திரும்ப மேசையில் வைத்தார். சரி, இந்த ஆளையாவது தெரியுமா என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. எங்களிடம் வேலை செய்கிறார், வேலை நேரத்தில் தெரியும் என்றார்.

அந்த வசனத்தை நான் பலமுறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. அதிகாரி சிரித்தார். அப்படியென்றால் உங்கள் பதிவுப் புத்தகத்தையும், இதுபோல இன்னொன்றையும், ஒரு கடிதத்தையும் கொண்டுவாருங்கள், ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆளை விடுகிறேன் என்றார். இவர் எழும்பி, குடையை எடுத்துக்கொண்டு, போகும்போது என்னிடம் தமிழில் சொன்னார்: "பார்ப்பம், அன்ரன்."

அதன் பிறகு அவர் வரவில்லை. பதிவுப் புத்தகத்தில் அந்தக் கொலம் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் மனைவி றீற்றா மூன்றாம் நாள் அவருடைய வெள்ளவத்தை வீட்டுக்குப் போனாள். ஐந்தாம் நாளும் போனாள். எட்டாம் நாளும் போனாள். மூன்று முறையும் அவளை மரியாதையாக இருத்தித் தேநீர் கொடுத்திருக்கிறார். எட்டாம் நாள் மேசையில் இரண்டு கடிதங்கள் ரைப் பண்ணி வைத்திருந்தாராம். அவளிடம் இரண்டையும் நீட்டினார்.

"இரும் பிள்ளை. இதில ரெண்டு விதமா எழுதியிருக்கிறன். ஒண்டில 'எமது ஆய்வுகூடத்துக்குரியது' எண்டு இருக்கு. மற்றதில 'எமது ஆய்வுகூடத்தில் பரீட்சிக்கப்பட்டதாகக் கருதப்படுவது' எண்டு இருக்கு. எது பொருத்தம் எண்டு யோசிக்கவேணும். அவசரப்பட்டுக் குடுத்தா அதுவே அன்ரனுக்குப் பாதகமாப் போகலாம்."

"எதெண்டாலும் பரவாயில்லை சேர். ஒண்டில கையெழுத்துப் போட்டுத் தாங்கோ, நான் கொண்டுபோறன்," என்று றீற்றா சொன்னாள்.

அவர் பேனையை எடுத்தார். மூடியைக் கழற்றினார். முதலாவதை வாசித்தார், இரண்டாவதை வாசித்தார், மூடியைத் திரும்பப் போட்டார். நாளைக்கு வரும்படி சொன்னார். றீற்றா படியிறங்கும்போது தமக்கையார் பின்னால் இறங்கி வந்து அவளுடைய கையைப் பிடித்திருக்கிறார்.

"பிள்ளை, இவன் தரமாட்டான். நான் அம்பது வருசமா இவனோட இருக்கிறன். நீ நேரத்தை வீணாக்காமல் வேற ஆரையும் பிடி."

அந்த வீட்டில் அவரை எனக்கு முதலே கணக்கெடுத்து வைத்திருந்த ஆள் ஒருவர் இருந்தார் என்பது எனக்கு ஒரு ஆறுதல். றீற்றா அங்கிருந்து நேரே ஒருகொடவத்தைக்குப் பஸ் ஏறினாள். கம்பனியில் அவளுக்குத் தெரிந்த இன்னொரு ஆள் சோமபாலதான். கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து கேக் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு அதுவரைக்கும் நான் காய்ச்சலில் படுத்திருக்கிறேன் என்றுதான் தெரியுமாம். அப்படித்தான் மேலேயிருந்து சொல்லியிருந்தார்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகு விசாரித்ததில், அன்ரன் எங்கே என்று சோமபால கேட்டதற்கு எங்கள் சேர், சுகமில்லாமலும் இருக்கலாம் என்று மட்டும் சொன்னார் என்று தெரிந்தது.

அடுத்த நாள் காலை சோமபாலவும் றீற்றாவும் பொலிஸ் நிலையத்துக்கு வந்தார்கள். சோமபால உடுப்பு மாற்றவில்லை, களஞ்சியத்துக் காக்கிக் காற்சட்டையோடேயே வந்தார். களஞ்சியக் கடிதத்தலைப்பில் சிங்களத்தில் இரண்டு வரி எழுதி, கீழே தன் கையெழுத்தும் களஞ்சிய முத்திரையும் போட்டிருந்தார். எங்கள் மேசை லாச்சியில் தூக்கி எறியக் கிடந்த ஒரு செத்த கொலத்தைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதை அதிகாரியின் மேசையில், என்னோடு பிடிபட்ட கொலத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தெக்கம எக்கய், சேர்," என்றார். இரண்டும் ஒன்றுதான் என்று அர்த்தம்.

அதிகாரி இரண்டையும் இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்தார். இரண்டிலும் சி-பதினெட்டு என்று பொறித்திருந்தது. கடிதத்தை வாசித்தார், முத்திரையைப் பார்த்தார். இது உங்கள் களஞ்சியத்துச் சாமான்தானா என்று கேட்டார். சோமபால "ஒவ் சேர்" என்றார். அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் என்னுடைய இடுப்புப் பட்டியையும் மணிக்கூட்டையும் திருப்பித் தந்தார்கள். சோமபால சொன்னது இரண்டு பொய். அந்தக் கொலம் எங்கள் களஞ்சியத்தினுடையதில்லை, முகவருடையது. இரண்டும் ஒரே கொலமுமில்லை, ஒன்று ஜப்பானில் செய்தது, மற்றது ஜேர்மனியில் செய்தது. அந்த மனிதர் ஒரு பின்விளைவையும் யோசிக்காமல் தன் பெயரைப் போட்டுப் பொய் சொன்னார். அது பிறகு தெரியவந்திருந்தால் அவருடைய வேலையே போயிருக்கும்.

நான் அடுத்த நாளே வேலைக்குப் போனேன். அவர் என்னைக் கண்டதும் எழும்பி வந்தார். முகத்தில் உண்மையான கவலை இருந்தது. முதலில் கேட்டது, மூடிகளைக் கழற்றினார்களா என்பதுதான். கழற்றினார்கள் என்றேன். எத்தனை நாள் திறந்து கிடந்தது என்றார். எட்டு நாள் என்றேன். அவர் நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு, இனி இந்தக் கொலத்தை வைத்து ஒரு ஒப்பீடும் செய்யமுடியாது, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்றார். பிறகு சோமபாலவை மேலே கூப்பிட்டு, அந்த இரண்டு கொலமும் ஒன்றில்லை என்று சிங்களத்தில் பத்து நிமிடம் விளங்கப்படுத்தினார். துளையின் அளவு வேறு, காபன் வேறு, இப்படி உத்தியோகபூர்வமான இடத்தில் சரிபாராமல் சொல்வது ஆய்வுகூடத்தின் பெயருக்குக் கூடாது என்றார். சோமபால "ஹரி சேர்" என்று சொல்லிவிட்டு லொறிக்குப் பெட்டி ஏற்றக் கீழே போனார்.

பயத்தில்தான் அப்படிச் செய்தார், யாழ்ப்பாணத்து ஆள், அவருக்கும் ஆபத்துத்தானே என்று எனக்கு எத்தனையோ பேர் சமாதானம் சொல்லிவிட்டார்கள். பயம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது. பொலிஸ் நிலையத்துக்கு மூன்று பஸ் மாறித் தனியாக வந்துபோன றீற்றாவுக்கும் இருந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது, என்னால் ஏலாது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே மன்னித்திருப்பேன். அவர் பயத்தைப் பயம் என்று சொல்லவில்லை. அதை ஒழுங்கு என்றார், விஞ்ஞானம் என்றார், என்னுடைய நன்மை என்றார். எனக்கு அருவருப்பு அதில்தான்.

வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை. என்னை வெளியே விடும்போது பொலிஸில், கம்பனியில் வேலை செய்வதாக மாதாமாதம் அத்தாட்சி கொண்டுவரும்படி சொல்லியிருந்தார்கள். வேலையில்லாத தமிழன் என்று பெயர் வந்தால் என்னைத் திரும்ப உள்ளே போட ஒரு காரணமும் தேவையில்லை. ஆகவே அவருக்கு எதிரே உட்கார்ந்து, மூன்றாவதாக வந்த கொலத்தையும் நான்காவதாக வந்த கொலத்தையும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

வருட முடிவில் ஒரு பதவியுயர்வு வந்தது. சிரேஷ்ட பகுப்பாய்வாளர் இடம் ஒன்று. தகுதியானவர்கள் நானும் இன்னொரு பெண்ணும். அவர் எங்கள் இருவரையும் ஒரு கட்டத்தாளில் ஒப்பிட்டு நிர்வாகத்துக்கு அனுப்பவேண்டும். அனுப்புவதற்கு முன் எங்களுக்குக் காட்டிக் கையெழுத்து வாங்குவார். அதில் அவருக்குப் பெருமை, தான் மறைவில் எதையும் எழுதுவதில்லை என்று. என்னைக் கூப்பிட்டு, கதிரையில் இருத்தி, தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

கல்வி, அனுபவம், வேலைத் திறமை எல்லாவற்றிலும் எனக்கு நியாயமான புள்ளி போட்டிருந்தார். வேலைத் திறமையில் மற்றப் பெண்ணைவிட ஒரு புள்ளி கூட. வரவு என்ற நிரலில், என் பெயருக்கு நேரே, அவருடைய பொடி எழுத்தில் இப்படி இருந்தது: 'முன்னறிவித்தல் இன்றி எட்டு நாள் சமுகமளிக்கவில்லை.'

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் பேனையை என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"பிழையேதும் இருந்தாச் சொல்லும், அன்ரன். நான் ஒண்டும் கூட்டியும் எழுதேல்லை, குறைச்சும் எழுதேல்லை."

திரும்பவும் ஒருமுறை வாசித்தேன். ஒரு பொய்யைத் தேடினேன். ஒரேயொரு பொய் இருந்தால் போதும், தாளைக் கிழித்து அவருடைய முகத்தில் எறிந்திருப்பேன். எட்டு நாள் சரி. முன்னறிவிக்கவில்லை என்பதும் சரி. பிழையில்லை சேர் என்று சொல்லிவிட்டு, அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.